இடிபடாத பக்கம்

மூன்று வருஷமாக ஒரு வியாழக்கிழமைகூடத் தவறாமல் பாடம் கேட்க வந்த நம்பிராஜன், அந்த வியாழக்கிழமை வரவில்லை. காலைப் பாடம் முடிந்ததும் தவமணி அம்மா பஸ் ஏறி அவர் வீட்டுக்கே வந்துவிட்டார்.

அம்மா என்பது மரியாதைக்குத்தான். மலையடிவாரத்து மடத்தில் பாடம் சொல்லும் அவருக்கு வயது முப்பத்தாறு. மாணவர் நம்பிராஜனுக்கு அறுபத்தொன்று. ஓய்வுபெற்ற சர்வேயர். சுற்றுவட்டாரத்தில் பாதி வேலித் தகராறு அவர் அளவுச் சங்கிலி பிடித்துத் தீர்ந்ததுதான். அந்தப் பெருமை மனுஷருக்குக் கொஞ்சம் தூக்கலாகவே உண்டு.

அம்மா வந்தபோது அவர் வாசலில் காருக்கு முன்னால் குந்தியிருந்தார். சட்டையெல்லாம் கிரீஸ். இடது முன்சக்கரத்தை மூடியிருக்க வேண்டிய ஃபெண்டர் நசுங்கிப்போய்ச் சுவரோரம் கிடந்தது. பக்கத்தில் புத்தம் புதிதாக இன்னொன்று.

"என்னாச்சுய்யா?"

"கேட் தூண்ல இடிச்சிட்டேம்மா."

"யார் வீட்டுத் தூணு?"

"எங்க வீட்டுத் தூணுதான்."

தவமணி அம்மா சிரித்துவிட்டார். நம்பிராஜன் சிரிக்கவில்லை.

"ஞாயித்துக்கெழம ஆவுடை வாரா."

ஆவுடை அவருடைய ஒரே மகள். ஆறு வருஷத்துக்கு முன்னால் தனக்குப் பிடித்தவனைக் கல்யாணம் செய்துகொண்டு போனவள். இனி இந்தப் படி ஏறாதே என்று சொன்னவர் இவர்தான். அப்பாவுக்குத் தப்பாமல் பிறந்த மகள், ஏறவில்லை. போன வாரம்தான் தாயாருக்குப் போன் செய்தாள். குழந்தையோடு வருகிறாளாம். அப்பா ஸ்டேஷனுக்கு வந்து கூப்பிட்டால் வீட்டுக்கு வருவாளாம். இல்லாவிட்டால் அடுத்த வண்டியில் அப்படியே திரும்பிவிடுவாளாம்.

ஆட்டோவில் போனாலும் மகள் வருவாள் என்பது நம்பிராஜனுக்குத் தோன்றவே இல்லை. சொந்தக் காரில்தான் அழைத்துவர வேண்டும், தெரு பார்க்க வேண்டும். ஆறு மாதமாகத் தொடாத வண்டியை ஓட்டிப் பழகப் போய்த்தான் இந்தக் கூத்து. பட்டறையில் பத்து நாள் ஆகும் என்றார்கள். திருநெல்வேலிக்குப் போய் வெள்ளை அடித்த ஃபெண்டரை வாங்கி வந்து, போனில் ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, தானே மாட்டிவிடுவது என்று இறங்கிவிட்டார்.

"ஒரு கேள்வி இருக்கும்மா."

"கேளுங்க."

"ஸ்டேஷனுக்குப் போறதுன்னு முடிவு பண்ணிட்டேன். ஆனா ஒண்ணுமே நடக்காத மாதிரி எப்படி இருக்க? நான் ஆறு வருஷமா நின்ன எடத்துலதான் நிக்கேன். அவதான் வெலகிப் போனா. அவ எவ்வளவு தூரம் திரும்பி வரணும், நான் எவ்வளவு தூரம் போவணும்? நீங்க நியாயமாச் சொல்லுங்க."

தவமணி அம்மா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"மொதல்ல இத மாட்டுவோம். எதப் பிடிக்கணும்?"

"உங்களுக்கு வண்டி வேலை தெரியுமா?"

"தெரியாது. பிடிக்கத் தெரியும்."

உள்ளேயிருந்து நம்பிராஜனின் மனைவி செண்பகம் இரண்டு டம்ளர் மோருடன் வந்தார். ஒன்றைத் தவமணி அம்மாவின் கையில் கொடுத்து, "சாப்பிட்டுட்டுத்தான் போவணும்" என்றார். இன்னொன்றை மதில் சுவரில் வைத்தார். "மோரு" என்று சுவரிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

நம்பிராஜன் அதை எடுத்துக் குடித்துவிட்டு வேலையைத் தொடங்கினார்.

பானெட்டின் ஓரத்தை ஒட்டி ஃபெண்டரை வைத்தார். ஆபீஸ் காலத்து டேப்பை நீட்டி, பானெட்டுக்கும் ஃபெண்டருக்கும் நடுவே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே இடைவெளியாகக் கொண்டுவந்தார். நூல் பிடித்த மாதிரி இருந்தது. மேலே இருந்த நான்கு போல்ட்டுகளையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு முறுக்கினார்.

"பாத்தீங்களா, ஒரு மயிரிழை பிசகல."

அதற்குப் பிறகு கீழ் போல்ட்டுக்குக் குனிந்தார். ஃபெண்டரின் ஓட்டை ஓர் இடத்தில், வண்டியின் ஓட்டை அரை விரல் தள்ளி. கதவைத் திறந்து பார்த்தார். கதவின் விளிம்பு புது ஃபெண்டரில் கிறீச்சென்று உரசி, வெள்ளைப் பெயின்ட் ஒரு கீறு பெயர்ந்து வந்தது.

நம்பிராஜனுக்கு உச்சந்தலை சூடேறியது. "கோணல் சாமானத் தலையில கட்டிட்டான், பாவிப்பய! நான் சரியாத்தான் அளந்தேன். இதுதான் சரியில்ல. இருங்க, அரத்த எடுத்துட்டு வாரேன். ஓட்டைய ராவிப் பெருசாக்குனா வழிக்கு வந்துரும்."

"எதுலேருந்து அளந்தீங்கய்யா?"

"பானெட்லேருந்து. வேற எதுலேருந்து அளக்க?"

தவமணி அம்மா வண்டியைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் போனார். அந்தப் பக்கம் பானெட்டுக்கும் ஃபெண்டருக்கும் நடுவே சுண்டுவிரலை வைத்து முன்கண்ணாடியிலிருந்து விளக்குவரை ஓட்டினார். கண்ணாடிப் பக்கம் விரல் நுழைந்தது. விளக்குப் பக்கம் நகம்கூட நுழையவில்லை.

"இங்க வாங்க. இந்தப் பக்கம் எப்ப இடிச்சீங்க?"

"இந்தப் பக்கமா? இங்க ஒண்ணும் நடக்கலயே. இடிச்சது எடதுல."

"பெறவு ஏன் இங்கயும் கோணலா இருக்கு?"

நம்பிராஜன் குனிந்து ஒற்றைக் கண்ணை இடுக்கிப் பார்த்தார். வலது ஃபெண்டர் கம்பெனியில் மாட்டியது மாட்டியபடி இருந்தது. அதன் மேல் ஒரு கீறல் இல்லை. அப்படியென்றால் விலகியிருப்பது அது இல்லை, பானெட்தான்.

முப்பத்தைந்து வருஷ சர்வீஸில், புதிதாக வேலைக்கு வந்த ஒவ்வொருவருக்கும் அவர் முதல் நாள் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான். சங்கிலியைப் பிரிக்கும் முன் எல்லைக் கல் இருந்த இடத்தில் இருக்கிறதா என்று பார். நகர்ந்த கல்லிலிருந்து அளந்தால் எவ்வளவு சுத்தமாக அளந்தாலும், பாவம், பக்கத்து வயல்காரன்தான் ஆக்கிரமித்தவன் ஆவான். அதை ஊருக்கெல்லாம் சொன்ன வாய் இது. அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"கல்லே நகந்திருக்கும்மா" என்றார் மெதுவாக.

அரம் எடுக்கப் போகவில்லை. முறுக்கிய நான்கையும் தளர்த்தினார். இந்தத் தடவை இடிபடாத கதவை வைத்துத் தொடங்கினார். கதவைத் திறந்து, மூடி, அதற்கு ஒத்துப்போகிற மாதிரி ஃபெண்டரைத் தவமணி அம்மா பிடித்துக்கொள்ள, எல்லாப் போல்ட்டையும் விரலாலேயே ஏற்றிவிட்டார். கீழ் ஓட்டை தானாக வந்து பொருந்தியது. கடைசியாகப் பானெட்டின் கீல்களைத் தளர்த்தி, இருவருமாக அதை இடது பக்கம் தள்ளினார்கள். அது லேசில் வரவில்லை. மூன்று தடவை தள்ளி, மூன்று தடவை மூடிப் பார்த்த பிறகுதான் இரண்டு பக்கமும் ஒரே சீராக நின்றது. அப்புறம் ஒவ்வொன்றாக முறுக்கினார்.

பானெட்டைச் சும்மாவே இரண்டு தடவை திறந்து மூடினார். சந்தோஷத்தில் கையும் காலும் ஓரிடத்தில் நிற்கவில்லை. கொஞ்ச நேரம் முன்னால் தான் திட்டிய ஃபெண்டரைத் துணியால் துடைத்துவிட்டார்.

கை கழுவிக்கொண்டு வந்தபோதுதான் நினைவு வந்தது.

"நான் கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லலயேம்மா. அவ எவ்வளவு தூரம் வரணும்?"

உள்ளேயிருந்து செண்பகத்தின் குரல் கேட்டது. "ஒரு தட்டு வச்சிருக்கு. தவமணியும் நானும் பெறவு சாப்பிடுதோம்."

தவமணி அம்மா குரல் வந்த பக்கம் பார்த்தார்.

"அக்காவுக்கும் உங்களுக்கும் என்ன சண்டைய்யா?"

"எங்களுக்குள்ளயா? ஒரு சண்டையும் கெடையாதே. செண்பகத்த நான் ஒரு சொல்லு சொன்னது..."

நம்பிராஜனின் கண் மோர் டம்ளர் இருந்த மதில் சுவருக்குப் போயிற்று.

"ரெண்டு பேரும் சேந்து உக்காந்து சாப்பிட்டு எத்தன நாளாச்சு?"

நம்பிராஜன் ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார். ஈரம் போன பிறகும் துடைத்தார்.

"ஆறு வருஷம்."

தவமணி அம்மா இடுப்பில் செருகியிருந்த தலைப்பை எடுத்துவிட்டுக்கொண்டார்.

"நான் நின்ன எடத்துலயே நிக்கேன்னு நெனச்சேம்மா." கண்ணைத் துடைக்கவும் அவருக்குத் தோன்றவில்லை. "இம்புட்டு காலத்துக்குப் பெறவு சரி பண்ண முடியுமா?"

"ஞாயித்துக்கெழமைக்கு இன்னும் மூணு நாள் இருக்கு" என்றார் தவமணி அம்மா. "உள்ள போங்க. இன்னைக்கு அக்கா உக்காரட்டும், நீங்க பரிமாறுங்க."