பூட்டுத் தடைச் சட்டம்

தன் நாட்டில் திருடர்களே இல்லை என்று ராஜா சட்டம் போட்டார். இனி வீட்டைப் பூட்டுவது அரசாங்கத்தை நம்பாத குற்றம், தண்டனை கசையடி. முதலில் மாட்டியவன் மருதப்பன். ராஜாவின் சாப்பாட்டில் விஷம் இருக்கிறதா என்று தின்று பார்ப்பது அவன் வேலை.

இலை முன்னால் உட்கார்ந்தபடியே ராஜா விசாரித்தார். "என் சட்டத்தை நீ நம்பவில்லையா?"

மருதப்பனுக்கு முதுகு இப்போதே கூசியது.

"பழக்கதோஷம், மகாராஜா. இன்றோடு இரண்டையும் விட்டுவிடுகிறேன்."

"இரண்டா?"

"வீட்டைப் பூட்டுவதையும், தங்கள் சோற்றைத் தின்று பார்ப்பதையும். விஷம் வைக்கக் கூடாது என்றும் சட்டம் இருக்கிறதே. தாங்கள் தைரியமாகச் சாப்பிடலாம்."

ராஜா இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். சோறு ஆறியது. கசையடியைப் பற்றி யாரும் பேசவில்லை.

மறுநாள் சட்டம் திருத்தப்பட்டது. வீட்டைப் பூட்டிக்கொள்ளலாம், பூட்டு மட்டும் வெளியே தெரியக் கூடாது.