பிளாஸ்டர் ஒட்டிய வாய்

ஒரு வேனுக்குள் சின்ன இன்வெர்ட்டர் ஒன்று குடியிருந்தது. செங்கல் அளவுதான் இருக்கும். டிரைவர் சீட்டுக்கு அடியில் கிடந்த பேட்டரியிடம் மின்சாரத்தை வாங்கி, வீட்டுச் சாமான்களுக்குத் தோதாக மாற்றிக் கொடுப்பது அதன் வேலை. சொந்தமாக ஒரு சொட்டு மின்சாரமும் அதனிடம் கிடையாது. ஆனாலும் வேனில் எல்லாச் சாமான்களும் அதைத்தான் கும்பிட்டன. பேட்டரியை எவரும் எட்டிப் பார்த்ததில்லை.

வேன் நாமக்கல் செங்கோடனுடையது. முப்பது வருடம் லாரி ஓட்டியவர். அவர் நாடு பூராவும் சுற்றிய காலத்தில் மனைவி பாவாயி பக்கத்து ஊர்ச் சந்தையைத் தாண்டியதில்லை. அந்த உறுத்தலில்தான் பழைய வேன் ஒன்றை வாங்கி, உள்ளே கட்டிலும் அடுப்பு மேடையும் அடித்து வீடாக்கினார். பாவாயிக்கு வீசிங் உண்டு. அதனால் மருந்தைப் புகையாக்கி மூச்சில் ஏற்றும் நெபுலைசரும் ஒரு துணிப்பையில் கூடவே ஏறியது.

வயரிங் செய்த எலக்ட்ரீசியன் அப்போதே சொன்னார்: "அண்ணா, ஊட்டுச் சாமானுக்குத் தனி பேட்டரி போட்டுக்கங்க. வண்டி ஸ்டார்ட் ஆகற பேட்டரில கை வெக்க வேண்டாங்."

"எனக்கே பேட்டரி பாடம் எடுக்கறயாக்கும்? ஒண்ணு போதும், போ," என்றார் செங்கோடன்.

இன்னொரு பழக்கமும் லாரியிலிருந்து அவரோடு இறங்கி வந்திருந்தது. கேபினில் மாரியம்மன் படம், படத்தைச் சுற்றிச் சீரியல் பல்பு. அது இன்வெர்ட்டரைக் கேட்காமல் நேரே பேட்டரியில் குடிக்கும். அதை அணைக்கக் கூடாது. அணைத்தால் வண்டிக்கு ஆகாது என்பது அவர் நம்பிக்கை.

முதல் பயணம் கொல்லிமலை. கட்டிலில் படுத்தபடியே பாவாயி பள்ளத்தாக்கைப் பார்க்க வேண்டும் என்று, வேனின் பின்கதவு பள்ளத்தைப் பார்க்க, முகப்பு பாறையில் முட்ட நிறுத்தினார். அவள் சின்னப்பிள்ளை போலச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக அவர் எந்த மலைக்கும் போயிருப்பார்.

இரண்டு நாள் மூடுபனியும் தூறலும். வெளியே இறங்க முடியவில்லை. டிவி ஓடியது. ரைஸ் குக்கர் பொங்கியது. என்ஜின் மட்டும் ஓடவில்லை.

"போதுமப்பா," என்றது பேட்டரி. "என்ஜின் ஓடினால்தான் எனக்குச் சோறு. இரண்டு நாளாகப் பட்டினி. கொடுத்துக்கொண்டே இருக்கிறேன்."

"நான் என்ன செய்ய? கேட்கிறார்களே," என்றது இன்வெர்ட்டர்.

"கத்து. அதற்குத்தானே உனக்கு வாய் வைத்திருக்கிறார்கள்."

இன்வெர்ட்டர் கத்தியது. கீ, கீ என்று விடாமல் கத்தியது. அப்போதுதான் கண் அசந்த பாவாயி திடுக்கிட்டு எழுந்தாள்.

"ஏனுங்க, இந்தச் சனியன் என்னத்துக்குங் இப்படிக் கத்துது?"

"போச்சாது, நீ தூங்கு பாவாயி. நா அத வாயடைக்கறேன்."

முதலுதவிப் பெட்டியிலிருந்து பிளாஸ்டரை எடுத்து, சத்தம் வரும் ஓட்டையின் மேல் இரண்டு அடுக்காக ஒட்டினார். அன்பினால்தான் ஒட்டினார். இந்தக் கதையைச் சொல்லும் என்னால் அதைத்தான் இன்றுவரை தாங்க முடியவில்லை.

"இப்போதுதான் நான் பேசுவது எல்லோருக்கும் கேட்கிறது," என்றது டிவி.

இன்வெர்ட்டருக்கு முதலில் அவமானமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் பழகிவிட்டது. கத்தினால் சனியன், கத்தாவிட்டால் நல்ல பெட்டி. பிளாஸ்டருக்கு உள்ளே முனகுவதையும் அது குறைத்துக்கொண்டது.

துணிப்பைக்குள்ளிருந்து நெபுலைசர் கேட்டது: "எனக்குப் பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடத்தை மட்டும் யாரும் தொடாமல் வைப்பீர்களா?"

"இப்போது வேண்டுமா?" என்றது ரைஸ் குக்கர்.

"இப்போது வேண்டாம். வேண்டிவரும்."

"அப்படியானால் வேண்டிவரும்போது வா. பசித்தவர்கள் இங்கே இருக்கிறோம்."

டிவி சிரித்தது. இன்வெர்ட்டர் அதற்கே மின்சாரத்தை ஊற்றிக்கொண்டிருந்தது.

இரண்டாம் நாள் இருட்டும் நேரத்தில் இன்வெர்ட்டர் தானாக அணைந்தது. அதற்குமேல் பேட்டரியில் எடுக்க அதற்கு அனுமதி இல்லை. டிவியும் நின்றது. "காத்தால என்ஜினப் போட்டாச் செரியாப் போயிரும்," என்று செங்கோடன் போர்வையை இழுத்துக்கொண்டார்.

சீரியல் பல்பு மட்டும் மினுங்கிக்கொண்டிருந்தது.

"நீயாவது என்னை விடேன்," என்றது பேட்டரி. "அடியில் ஒரு வாய்தான் மிச்சம்."

"நான் டிவி இல்லை. அம்மனுக்காக எரிகிறேன். என்னை நிறுத்தச் சொல்ல நீ யார்?"

பேட்டரி அந்த ஒரு வாயையும் கொடுத்தது.

விடிந்தபோது பாவாயி கட்டிலில் உட்கார்ந்து முட்டியைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் தவித்தாள். வாயில் வைத்து அடிக்கும் பம்பை இரண்டு முறை அடித்தும் கேட்கவில்லை. செங்கோடன் நெபுலைசரை எடுத்தார், மருந்தை ஊற்றினார், முகமூடியை மாட்டினார், சுவிட்சைப் போட்டார். ஒன்றுமில்லை. ஓடிப்போய் சாவியைத் திருகினார். 'டிக்' என்றுகூட வரவில்லை.

வண்டியை உருட்டி ஸ்டார்ட் செய்ய அவருக்குத் தெரியாதா? முப்பது வருடம் செய்தவர்தான். ஆனால் முன்னால் பாறை, பின்னால் பள்ளம்.

"கதவ... தொறங்க... காத்து..." என்றாள் பாவாயி.

கதவு திறந்தேதான் இருந்தது.

அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஏறினார். செல்போனில் சிக்னல் இல்லை. வெகுநேரம் கழித்து அன்னாசி ஏற்றிய ஜீப் ஒன்று வந்தது. "சீக்கிரம் போப்பா, சாமி, சீக்கிரம்," என்று ஒவ்வொரு வளைவிலும் கெஞ்சினார். அந்த மலையில் எழுபது வளைவு. பாதிகூட இறங்கவில்லை, அவர் கழுத்தைப் பிடித்திருந்த கை நழுவி மடியில் விழுந்தது.

காரியம் முடிந்து பத்து நாள் கழித்து வேனை எடுக்கத் தனியாக வந்தார். கட்டிலில் போர்வை அவள் விட்டபடி கிடந்தது. சீரியல் பல்பு அணைந்து அம்மன் முகம் இருட்டில் இருந்தது.

செங்கோடன் இன்வெர்ட்டருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார். பிளாஸ்டரை நகத்தால் சுரண்டினார். ஈரத்தில் ஊறி, இரண்டு அடுக்கும் சேர்ந்தே உரிந்து வந்தன.

"கத்து," என்றார். சுவிட்சை அழுத்தினார். திரும்பத் திரும்ப அழுத்தினார். "கத்து சாமி. இப்பக் கேக்கறேன். எத்தன நேரம் வேணாலும் கேக்கறேன். கத்து."

இன்வெர்ட்டருக்கும் கத்த வேண்டும் போலத்தான் இருந்தது.

ஆனால் கத்துவதற்கும் பேட்டரியில் கொஞ்சம் மிச்சம் இருக்க வேண்டும்.