விடாத கை

ஒரு விடுகதை சொல்கிறேன், கேளுங்கள்.

இரண்டு பேர் கைகோத்து நிற்கிறார்கள். எதிரி வருகிறான். ஒருவன் பாய்கிறான், அந்த நொடியில் மற்றவன் அவன் கையை விட்டுவிடுகிறான். பார்க்கிறவர்கள் எல்லோரும் கை தட்டுகிறார்கள். இன்னொரு நாள் அதேபோல் எதிரி வருகிறான். ஒருவன் பாய்கிறான்; மற்றவன் கையை விடவில்லை. அது துரோகம். யார் அவர்கள்?

யோசித்துக்கொண்டே கேளுங்கள். விடை கதைக்குள்ளேயே கிடக்கிறது.

கொற்கை அணி என்று ஒரு கபடி அணி இருந்தது. சம்பளம் வாங்கிக்கொண்டு ஆடுகிறவர்கள், டிவியில் வருகிறவர்கள். அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் சூசைமாணிக்கம். எல்லோருக்கும் அவர் மாஸ்டர். ஒரு கேள்வி கேட்டால் அவரிடமிருந்து பதில் வருவதற்குள் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்துவிடலாம். அவ்வளவு குறைவாகப் பேசுவார்.

அந்த அணிக்கு அந்த வருஷம் புதிதாக வந்தவன் இசக்கிராஜ். தென்காசிப் பக்கத்துப் பையன், பத்தொன்பது வயது. கணுக்காலைப் பிடிப்பதில் சூரன். ஊர் ஆட்டங்களில் அவன் கைக்குள் அகப்பட்ட கால் நடுக்கோட்டைத் திரும்பப் பார்த்ததில்லை.

கபடி தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. எதிரணியிலிருந்து பாடிக்கொண்டு வருகிறவன் ரைடர். அவனை மடக்க இந்தப் பக்கம் ஏழு பேர் வளைவாக நிற்பார்கள். ஓரத்தில் நிற்கிறவன் கார்னர். ரைடரின் காலில் விழுந்து பிடிப்பது அவன் வேலை. அவனுக்கு அடுத்து நிற்கிறவன் அவன் கையைக் கோத்துக்கொண்டு நிற்பான். கார்னர் பாயும்போது கையை விட்டுவிட்டு, பின்னாலேயே போய் ரைடரை அமுக்குவான். ரைடர் விழுவது பெரும்பாலும் அந்த இரண்டாவது ஆளின் பாரத்தில்தான். ஆனால் புள்ளி, முதலில் பிடித்தவன் பெயரில்தான் ஏறும்.

இசக்கி கார்னர் ஆட வந்தவன். மாஸ்டர் அவனை இடது கார்னருக்கு அடுத்து நிறுத்தினார்.

இடது கார்னர் சேரலாதன். மன்னார்குடிக்காரன், சேரா என்று கூப்பிடுவார்கள். இவனைவிட ஒரே ஒரு வயது மூத்தவன். இருவருக்கும் ஒரே அறை, பக்கத்துப் பக்கத்துக் கட்டில்.

ஒவ்வொரு ஆட்டத்திலும் சேரா பாய்ந்தான், இசக்கி அமுக்கினான். பெரிய திரையில் சேராவின் முகம் வந்தது. இசக்கியின் முழங்கையில் தோல் போனது.

வீட்டுக்கு போன் செய்தால் அம்மா சொன்னாள்: "ஆட்டம் பாத்தோம் மக்கா. ஒன்னையக் காட்டவே மாட்டேங்கானே. அந்தப் பயலத்தான் காட்டுதான். நல்லா ஆடுதாம்லா அவன்?"

"ஆமா."

"சாப்பாடெல்லாம் ஒழுங்கா போடுதாங்களா?"

"அவனுக்கா, எனக்கா?" என்று கேட்டுவிட்டு இசக்கி போனை வைத்தான்.

ஒரு நாள் ஒரு ஷூ கம்பெனி சேராவுக்கு இரண்டு ஜோடி அனுப்பியது. அவன் ஒன்றைக் கொண்டுவந்து இசக்கியின் கட்டிலில் வைத்தான்.

"உனக்கு ஒம்போதுதானடா சைஸ்? எனக்கு எட்டு. ஒண்ணு எட்டு, ஒண்ணு ஒம்போதுன்னு கேட்டு வாங்கினேன். கம்பெனிக்காரன் கேக்குறான், சார் உங்களுக்கு ரெண்டு கால் ரெண்டு அளவான்னு."

சேரா சிரித்தான். இசக்கியும் சிரித்துவைத்தான். சேரா குளிக்கப் போன பிறகு போட்டுப் பார்த்தான். ஷூ கொஞ்சம் கடித்திருந்தால்கூட நன்றாயிருந்திருக்கும். கச்சிதமாகப் பொருந்தியது. அதுதான் பொறுக்கவில்லை. கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினான்.

மறுநாள் மாஸ்டரிடம் போனான். அவர் ஆட்ட விரிப்பில் சிந்திய வியர்வையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், நான் கார்னர் ஆடத்தான் வந்தேன்."

"தெரியும்."

"அவன் பிடியவிட என் பிடி மோசமா?"

"இல்ல."

"பெறவு?"

மாஸ்டர் துணியைப் பிழிந்தார். "பிடிக்கத் தெரிஞ்சுதான் வந்திருக்க. விடத் தெரியணும்."

இசக்கிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "விடுததுக்கு என்ன மாஸ்டர் பயிற்சி? விரலத் தொறந்தா விட்டுப்போவுது."

மாஸ்டர் தன் கையை நீட்டினார். இசக்கி பிடித்தான். அவர் சட்டென்று பக்கவாட்டில் பாய்ந்தார். இசக்கியின் விரல்கள் இறுகின. பாய்ந்த மாஸ்டரின் தோள் பின்னால் இழுபட்டது.

"ஐயோ மாஸ்டர்! தானா இறுகிட்டு."

"ஆமா. தானாத்தான் இறுகும்" என்றார் மாஸ்டர். மறுபடி துடைக்க ஆரம்பித்தார்.

அன்றிலிருந்து தினமும் அதுதான் பயிற்சி. சேரா பாய்வதற்கு முன் கட்டைவிரலால் இசக்கியின் உள்ளங்கையை ஒரு முறை அழுத்துவான். அதுதான் அடையாளம். அழுத்தியதும் விட வேண்டும். முன்னால் விட்டால் ரைடருக்குத் தெரிந்துவிடும். பின்னால் விட்டால் பாய்ச்சல் கெட்டுவிடும். மழைக்காலம் முடிவதற்குள் இசக்கி கற்றுக்கொண்டான். சேரா அழுத்துவான், இவன் விரல்கள் பூ விரிவதுபோல் விரிந்துவிடும். நினைக்கக்கூட வேண்டாம்.

கடைசி லீக் ஆட்டம் வந்தது. கொற்கை அணி ஒரு புள்ளி முன்னால் இருந்தது. எதிரணிக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு ரைடு. ரைடர் வந்தான். நெட்டையன், காலை விசிறுகிறவன். அரங்கம் முழுக்க ஒரே பெயரைக் கத்தியது.

"சேரா! சேரா!"

இசக்கியின் காதுக்குள் அது கொசுவைப்போல் சுற்றியது. ரைடரின் கால் இடது ஓரத்துக்கு வந்தது. கட்டைவிரல் அழுத்தியது.

இசக்கி விடவில்லை.

ஒரு கண் சிமிட்டும் நேரம்தான். பிறகு விட்டான். ஆனால் சேராவின் பாய்ச்சல் ஒரு சாண் குறைந்துபோயிருந்தது. அவன் விரல்கள் கணுக்காலைத் தொட்டு வழுக்கின. ரைடர் உதறிவிட்டுக் கோட்டைத் தாண்டினான். புள்ளி சமன். ஜெயிக்க வேண்டிய ஆட்டம் போயிற்று. அரையிறுதிக்கு இடம் கிடைத்துவிட்டது, ஆனால் முதலிடம் போய்விட்டது.

திரையில் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். சேராவின் விரல்கள் வழுக்கின, வழுக்கின, வழுக்கின. கோத்திருந்த கைகளை யாரும் காட்டவில்லை.

உடை மாற்றும் அறையில் சேரா பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். "கால் லேட்டாயிடுச்சு" என்றான், யாரிடம் என்றில்லாமல். மாஸ்டர் ஐஸ் பையை எடுத்துவந்து அவன் வலது மணிக்கட்டில் வைத்தார்.

"கால் லேட்டானதுக்குக் கைக்கு ஐஸா மாஸ்டர்?" என்று ஒருவன் கேட்டான். சோர்ந்திருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள்.

மாஸ்டர் சிரிக்கவில்லை. ஐஸ் பையைப் பிடித்தபடியே இருந்தார். இசக்கி குனிந்து ஷூ நாடாவை அவிழ்த்தான். முதலிலேயே அவிழ்த்த நாடாதான்.

'தானா இறுகிட்டு' என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். 'மாஸ்டரே சொல்லியிருக்காரு, தானாத்தான் இறுகும்னு.'

காலையில் செல்போன்களில் எல்லாம் சேராவுக்குத் திட்டு. விலை போய்விட்டான் என்றுகூட எழுதினார்கள். அணி மேலாளர் மாஸ்டரைக் கூப்பிட்டுப் பேசினார். அரையிறுதியில் இசக்கி கார்னர், சேரா அவனுக்கு அடுத்து. சரிவராவிட்டால் சேராவுக்கு அடுத்த வருஷம் ஒப்பந்தமே கிடையாது.

ஆசைப்பட்டது மடியில் வந்து விழுந்துவிட்டது. இசக்கி அன்று இரண்டு தோசை கூடச் சாப்பிட்டான்.

பயிற்சிக்கு இறங்கினார்கள். இசக்கி ஓரத்தில் போய் நின்றான். சேரா பக்கத்தில் வந்து கையை நீட்டினான்.

"அடையாளம் என்ன, கட்டைவிரலா?"

"கட்டைவிரல்தான்."

"சரிங்க முதலாளி" என்றான் சேரா. அவன் வலது மணிக்கட்டில் பிறை பிறையாக நகம் பட்ட தழும்பு சிவந்திருந்தது. அதை அவன் பார்க்கவில்லை. இசக்கி பார்த்தான்.

மாஸ்டரே ரைடராக வந்தார். ஆடி ஓய்ந்து சில வருஷம் ஆன கால், அவ்வளவு வேகம் இல்லை. இசக்கியின் பக்கம் காலை நீட்டினார். ஊரில் என்றால் கண்ணை மூடிக்கொண்டு பிடித்திருப்பான். கட்டைவிரலை அழுத்தினான். பாய்ந்தான். கால் அங்கே இல்லை.

மறுபடி வந்தார். மறுபடி பிந்தியது. மறுபடியும் வந்தார். இந்த முறை இசக்கி அழுத்தவே இல்லை, நின்ற இடத்தில் நின்றான். மாஸ்டர் அவன் முழங்காலைத் தொட்டுவிட்டு நடந்தே திரும்பிப் போனார்.

"தென்காசி எக்ஸ்பிரஸ், சிக்னல் விழலையா?" என்று ஓரத்திலிருந்து ஒரு குரல்.

மாஸ்டர் எல்லோரையும் தண்ணீர் குடிக்க அனுப்பினார். இசக்கி மட்டும் நின்றான்.

"என்னலே?"

"கால் தெரியுது மாஸ்டர். பாயத்தான் முடியல."

"ஏன்?"

இசக்கி தன் வலது கையைப் பார்த்தான். "பாயும்போது அவன் என் கைய விட மாட்டான்னு தோணுது. அங்கயே நெனப்பு போயிருது."

"இப்ப பாய்ஞ்சியே. விடாம இருந்தானா?"

"இல்ல. உடனே விட்டான்."

"இதுக்கு முன்னால?"

"இல்ல மாஸ்டர்."

"அப்ப, எவன் கைக்குலே நீ பயப்படுத?"

தண்ணீர்த் தொட்டிப் பக்கம் சேரா யாரிடமோ ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான். பாட்டிலை இடது கையால் பிடித்துக் குடித்தான். மேலே வேண்டுமென்றே ஊற்றுகிறவன்போல் சட்டையெல்லாம் நனைத்துக்கொண்டான். வலது கை தொங்கியது.

அதைப் பார்த்தபடியே இசக்கி கேட்டான்: "அவனுக்குத் தெரியுமா மாஸ்டர்?"

"மணிக்கட்டு அவனோடதுதானே."

"பெறவு ஏன் சொல்லல?"

"அத அவன்ட்ட கேளு."

இசக்கி போனான். சேரா பாட்டிலை மூடினான்.

"ஏம்ல யாருட்டயும் சொல்லல?" என்றான் இசக்கி.

சேரா மூடியை இன்னும் ஒரு சுற்று திருகினான். "சொல்லி? கை மேட்டர் எவனுக்குப் புரியும்? கால் தப்புனவன் கைய சாக்கு சொல்றான்னு அதுக்கும் சேத்துத் திட்டுவானுங்க." பாட்டிலைக் கீழே வைத்தான். "அன்னைக்கு ராத்திரியே உன்ன அடிச்சிருப்பேன்டா. மாஸ்டர் ஐஸ் வைக்கிறேன்னு கையப் புடிச்சுக்கிட்டு விடவே இல்ல."

அதற்குமேல் அவன் நிற்கவில்லை.

இசக்கி மாஸ்டரிடம் திரும்பி வந்தான். அவர் துணியை எடுத்து விரிப்பைத் துடைக்க ஆரம்பித்திருந்தார். இவனும் ஒரு துணியை எடுத்து எதிர்ப்பக்கத்திலிருந்து துடைத்தான். நடுவில் வந்து சேர்ந்ததும் கேட்டான்.

"நான் சொல்லிட்டா என்ன ஆவும் மாஸ்டர்?"

"அரையிறுதியில ஒன்ன வெளிய உக்கார வைப்பேன். அடுத்த வருஷம் இருப்பியான்னு எனக்குத் தெரியாது."

"சொல்லலேன்னா?"

மாஸ்டர் துணியை மடித்தார்.

"கார்னர்ல நிறுத்துவேன். இன்னைக்கு நின்னல்லா, அப்படியே நிப்ப."

சாயங்காலம் அணிக் கூட்டம் நடந்தது. மேலாளர் இருந்தார், எல்லோரும் இருந்தார்கள், சேராவும் இருந்தான். இசக்கி எழுந்து, கடைசி ரைடில் சேராவின் கையை விடாதது தான்தான் என்றும், அன்று தன் விரல்கள் தாமாக இறுகவில்லை என்றும் சொன்னான்.