விதைநெல்லில் நெய்த திரை

பூங்குள நாடு என்று ஒரு நாடு இருந்த காலம் அது. அதை விசித்திரவர்மன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். பெயருக்கேற்ற ஆள்தான்! காலையில் ஒன்று சொல்வான், மத்தியானம் அதற்கு நேர்மாறாக இன்னொன்று சொல்வான். இரண்டுக்கும் தலையாட்டாவிட்டால் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

அவன் அரண்மனையில் ஒரு வழக்கம் உண்டு. பட்டம் கட்டிக்கொள்ளும் ஒவ்வொரு ராஜாவும் கொலுமண்டபத்தில் தன் பங்குக்குப் பட்டுத் திரை மாட்ட வேண்டும். பழையதைக் கழற்றக் கூடாது, முன்னோர் மாட்டியதில் கைவைத்தால் பாவமாம்! பாட்டன் திரைமேல் அப்பன் திரை, அப்பன் திரைமேல் மகன் திரை. மண்டபத்தில் பட்டப்பகலிலும் விளக்கு எரியும். தூசியில் தும்மாமல் யாரும் மனு கொடுத்தது கிடையாது.

அப்படியிருக்க, ஆடி பிறந்ததும் குன்றூர் மலை ராஜாவிடமிருந்து சேதி வந்தது. தன் மகனுக்குப் பெண் பார்க்க ஆவணியில் வருகிறாராம். ராஜாவுக்குக் கை கால் ஓடவில்லை.

“இந்த மண்டபத்தைப் பார்த்தால் என் மகளை யார் எடுப்பார்கள்? அவர் வாயைப் பிளக்க வேண்டும், ஐயா! என்ன செய்யலாம்?”

அலங்கார அதிகாரி வல்லபராயர் முந்திக்கொண்டார். மந்திரி நிறைமதியாரின் பதவிமேல் அவருக்கு வெகுநாளாக ஒரு கண். “பொன்னிழைத் திரை மாட்டலாம், மகாராஜா. கப்பலில் வந்த கம்பளம் விரிக்கலாம். கஜானா காலியென்றால் என்ன, களஞ்சியத்தில் விதைநெல் சும்மாதானே கிடக்கிறது? விற்றுவிடலாம்.”

நிறைமதியார் குறுக்கிட்டார். “விதைநெல்லை விற்றால் குடிமக்கள் எதை விதைப்பார்கள்? அடுத்த வருஷம் நாடே பட்டினி கிடக்கும், மகாராஜா!”

“அப்படியானால் நீரே அலங்கரியும். முடியாவிட்டால் உமது பதவி ராயருக்கு.”

மந்திரி முன்னே வந்தார். “ஆகட்டும். ஆனால் அந்த விதைநெல் முழுவதையும் என்னிடம் கொடுங்கள். அதை வைத்துத்தான் அலங்கரிக்கப்போகிறேன். ஒரு மணிகூட விற்க மாட்டேன்.”

சபை கொல்லென்று சிரித்தது. “நெல்மணியைக் கோத்துத் தோரணம் கட்டுவாரோ?” என்றார் வல்லபராயர். ராஜாவும் சிரித்துக்கொண்டே சாவியைக் கொடுத்துவிட்டான்.

மறுநாள் ஊரெங்கும் தண்டோரா போட்டார்கள். செலவில்லாமல் வீட்டை அழகாக வைத்திருக்கும் வழி தெரிந்தவர்கள் வந்து ராஜாவுக்கு யோசனை சொல்லலாம் என்று. ஜனங்கள் திரண்டு வந்தார்கள். பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளியே போதும் என்றாள் ஒருத்தி. பட்டுத் துணியை வெந்நீரில் போட்டுவிடாதீர்கள், பூந்திக்கொட்டைத் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள் என்றாள் இன்னொருத்தி. மெத்தையை வெயிலில் போட்டு, அடியில் நொச்சித் தழை வைத்தால் பூச்சி அண்டாது என்றார் ஒருவர். ராஜாவுக்கு ஒரே ஆச்சரியம். தன் குடிகள் இத்தனை நறுவிசாகக் குடித்தனம் நடத்துகிறார்கள் என்று அவனுக்கு யார் சொன்னார்கள்?

ஏரிக்கரையில் உழுகிற செங்காந்தி என்பவள் மட்டும் சுற்றிச்சுற்றிப் பார்த்தாள். “ஏன் சாமி, பகல்ல எதுக்கு விளக்கு? சன்னலைத் திறந்தா என்ன?”

“சன்னலா? இங்கே ஏதம்மா சன்னல்?” என்றான் ராஜா.

“எங்க வயல்லேருந்து பார்த்தா வரிசையாத் தெரியுதே!”

ராஜா சுவரை மூடித் தொங்கிய திரைகளைப் பார்த்தான். நிறைமதியார் மெல்ல வல்லபராயர் பக்கம் திரும்பினார். “ராயரே, வழக்கமெல்லாம் தெரிந்தவர் நீர். முன்னோர் மாட்டிய பட்டுத் திரையை அழுக்கோடு வைத்திருப்பது மரியாதையா, துவைத்து வைப்பது மரியாதையா?”

“துவைப்பதுதான்” என்றார் ராயர். வேறு எதைச் சொல்வார், பாவம்!

“துவைக்க வேண்டுமானால் கழற்றத்தானே வேண்டும்?”

“கழற்றும்!” என்றான் ராஜா. வேலை முடியும்வரை மண்டபத்துக்குள் எட்டிப் பார்ப்பதில்லை என்று வாக்கும் கொடுத்தான். அவன் வாக்கைக் காப்பாற்றியது அந்த ஒரு தடவைதான்.

ஆவணியில் மலை ராஜா வந்தார். பொழுது நன்றாக விடிந்திருந்தது. நிறைமதியார் கதவைத் திறந்தார். விருந்தாளியோடு உள்ளே கால் வைத்த விசித்திரவர்மன் அப்படியே நின்றுவிட்டான்.

திரை இல்லை, கம்பளம் இல்லை, விளக்கும் இல்லை. வெள்ளையடித்த சுவரில் ஆளுயரச் சன்னல்கள் திறந்து கிடந்தன. வெளியே ஏரி. ஏரித் தண்ணீரில் பட்ட வெயில் உள்ளே வந்து கூரையெங்கும் நெளிந்து நெளிந்து ஓடியது. ஏரிக்கரை நெடுக நாற்றங்கால், கண்ணுக்கெட்டிய மட்டும் பச்சை! காற்று வீசியதும் அத்தனை பச்சையும் ஒருசேரச் சாய்ந்து நிமிர்ந்தது. தேய்த்து மெழுகேற்றிய கருங்கல் தரையிலும் அந்தப் பச்சை தெரிந்தது. தும்முவதற்கென்றே வருகிற சபையில் அன்று ஒருவரும் தும்மவில்லை. ராஜாவின் கண் நிறைந்துவிட்டது. ‘இதையா நாங்கள் தலைமுறை தலைமுறையாக மூடி வைத்திருந்தோம்!’ என்று நினைத்தான்.

மலை ராஜா சன்னலருகே போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அவர் ஊரில் பாறையும் தினையும்தான். “என்ன பச்சை இது! இப்படி ஒரு திரையை நான் எங்கேயும் பார்த்ததில்லை. எங்கே வாங்கினீர்கள்?”

ராஜா மந்திரியைப் பார்த்தான்.

“எங்கள் மகாராஜா விதைநெல் முழுவதையும் இதற்காகவே கொடுத்தார்” என்றார் நிறைமதியார். “நாடு முழுவதற்குமான நாற்று. நாளைக்குப் பறித்து நடவு செய்யப்போகிறார்கள்.”

“குடிகளின் விதையையே தன் வீட்டு அலங்காரமாக நினைக்கிற சம்பந்தி எனக்கு வேறு எங்கே கிடைப்பார்?” என்று மலை ராஜா அங்கேயே தட்டு மாற்றச் சொன்னார்.

விசித்திரவர்மனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. நெல்லை விற்றிருந்தால் அந்தச் சன்னலில் வெறும் கட்டாந்தரைதானே தெரிந்திருக்கும்! அதை மறைக்கத் திரையும் வேண்டியிருந்திருக்கும். தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி, எல்லோரும் பார்க்க, நிறைமதியாருக்குப் போட்டான். முன்னோர் பட்டுத் திரைகளையெல்லாம் வருஷாவருஷம் தன் கையாலேயே அலசி உலர்த்தி மடித்துவைக்கும் வேலை வல்லபராயருக்குக் கிடைத்தது.

தை மாதம் கல்யாணம். முகூர்த்த நேரத்தில் ராயர் பூந்திக்கொட்டை மணக்கிற கையோடு ஓரமாக நின்றுகொண்டிருந்தார். ராஜா அவரைக் கூப்பிட்டுச் சன்னலருகே நிறுத்தினான். வெளியே அறுவடைக்கு நின்ற கதிர், ஏரிக்கரை முழுக்கத் தகதகவென்று.

“பாரும், ராயரே” என்றான். “நீர் கேட்ட பொன்னிழைத் திரை வந்துவிட்டது.”