ராசபுஷ்பத்தின் உப்பு

"பொய் சொல்லுத நோயாளிய என்ன செய்யணும், மேடம்?" என்று கேட்டார் கோமதிநாயகம்.

எஸ்தர் மாத்திரை அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

தேயிலை மலையில் அது ஒரு சின்ன ஆஸ்பத்திரி. டாக்டர் வாரத்தில் இரண்டு நாள் மேலே வருவார். மற்ற நாட்களில், அவர் எழுதிக்கொடுத்த வரம்புக்குள், ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புவதும் மருந்தைக் கூட்டிக் குறைப்பதும் மருந்தாளுநர்களின் வேலை. கோமதிநாயகம் கீழே ஊரில் இருபது வருடம் மருந்துக்கடை வைத்திருந்தவர். ஐம்பது வயதில் கடையை மூடிவிட்டு, தன்னைவிடப் பதினைந்து வயது இளையவரான எஸ்தரிடம் இந்த வேலையைப் படிக்க வந்திருந்தார்.

"யாரு பொய் சொன்னா?"

"ராசபுஷ்பம். இதயம் பலவீனமான அம்மா. அவங்க மாத்திரை நீரைப் பிரிக்கும், ஆனா பொட்டாசியத்தைப் பிடிச்சு வச்சிரும். அந்த உப்பு கூடினா இதயமே நின்னு போகும். வாழைப்பழம், இளநீர் தொடக் கூடாதுன்னு சொன்னேன். தொடலங்காங்க. இதைப் பாருங்க."

மூன்று தாள்களை வரிசையாக வைத்தார். பத்து நாட்களில் மூன்று பரிசோதனை. பொட்டாசியம் ஐந்தைத் தாண்டக் கூடாது. ஐந்து புள்ளி ஒன்று. ஐந்து புள்ளி நான்கு. ஐந்து புள்ளி எட்டு.

"இசிஜி?"

"இப்பதான் எடுத்தோம். ஒண்ணும் இல்ல. சிறுநீரகமும் நல்லா இருக்கு."

"அப்புறம்?"

"மாத்திரையை நிறுத்திரவா?"

எஸ்தர் வலது கையைத் தூக்கினார். விரல்களை மடக்கினார். விரித்தார். மடக்கினார். விரித்தார்.

"இது என்ன மேடம்? ஐஞ்சா, பத்தா?"

"இன்னொரு தடவை பரிசோதனைக்கு எழுதுங்க. இந்தத் தடவை நீங்களும் கூடப் போங்க, அண்ணாச்சி."

வெளியே மேகம் இறங்கியிருந்தது. ராசபுஷ்பம் வராந்தா பெஞ்சில் இருந்தாள். முகம் மட்டும் தெரிந்தது.

"மாத்திரைய நிறுத்தப் போறீங்களா அய்யா?"

"பழம் சாப்பிட்டா நிறுத்தத்தான் வேணும்."

"பழக்கடைப் பக்கம் தலைவச்சுப் படுக்கலையே."

அவர் கையிலிருந்த தாள்களை மடித்தார்.

"ஒரு வருசம் உக்காந்தேதான் தூங்கினேன். படுத்தா தண்ணிக்குள்ள போற மாதிரி இருக்கும்" என்றாள். "உக்காந்து தூங்குனா கனவு வராது அய்யா. இந்த மாத்திரை வந்த பிறகுதான் படுக்கேன். முந்தாநேத்து எங்க அம்மா வந்து தலை பின்னி விட்டா."

ஏதோ சொல்ல வாயெடுத்தார். மேகம் இடையில் வந்தது.

லேப் அறையில், ரத்தம் எடுக்கிற செல்லையா அவள் மேற்கையில் ரப்பர் பட்டையை இறுக்கினார்.

"ஆரம்பிங்கம்மா. மடக்குங்க, விரிங்க. மடக்குங்க, விரிங்க. நரம்பு ஒளிஞ்சு விளையாடுது சார் இவங்களுக்கு."

ராசபுஷ்பத்தின் விரல்கள் மூடித் திறந்தன. முப்பது வருடம் கொழுந்து கிள்ளிய விரல்கள். பழகிய வேலை கிடைத்ததும் வேகம் பிடித்தன. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஏதோ ஒரு சரிவில், பனிக்குள், கிள்ளிக் கிள்ளிக் கூடையில் போட்டுக்கொண்டே போகிறவள் போல இருந்தது.

கோமதிநாயகமும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.

"ஒவ்வொரு தடவையும் இப்படித்தானா, செல்லையா?"

"முதல் தடவை சீக்கிரம் கிடைச்சிட்டு. அடுத்தது கொஞ்சம் பாடு. போன தடவை ரெண்டு நிமிசம் மடக்கச் சொன்னேன். நீங்கதான் திரும்பத் திரும்ப எழுதி அனுப்பி, குத்திக் குத்திப் புண்ணாக்க வச்சிட்டீங்களே சார்."

கல்லூரியில் படித்து மறந்த ஒரு வரி எங்கிருந்தோ வந்தது. உழைக்கிற தசை பொட்டாசியத்தை ரத்தத்தில் விடும். மேலே ரப்பர் கட்டியிருந்தால் அதற்குப் போக வழியில்லை; ஊசிக்குள்தான் வரும்.

அவர் பட்டையை அவிழ்த்தார்.

"என்ன சார் பண்ணுதீங்க? நரம்பு ஓடிரும்."

"ஓடட்டும். கொஞ்சம் இருப்போம்."

ராசபுஷ்பத்தின் கையைத் தன் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டார். விரல்கள் இன்னும் கிள்ளிக்கொண்டிருந்தன. ஜன்னல் வழியாக மேகம் உள்ளே வந்து மேசையில் உட்கார்ந்தது. விரல்கள் மெதுவாயின. ஒவ்வொன்றாக நின்றன. கடைசியில் சுண்டுவிரலும் உறங்கிப்போனது.

நரம்பு எழும்பட்டும் என்று வெந்நீரில் நனைத்த துணியை முழங்கை மடிப்பில் வைத்துக் காத்திருந்தார்கள். பிறகு செல்லையா, பட்டை கட்டாமலே, ஊசியை இறக்கினார். ரத்தம் அவசரமில்லாமல் வந்தது.

முக்கால் மணி நேரத்தில் தாள் வந்தது.

நான்கு புள்ளி மூன்று.

அவர் அதை எடுத்துக்கொண்டு எஸ்தரிடம் போனார். எஸ்தர் தாளைப் பார்க்கவில்லை.

"எறங்கிருச்சா, அண்ணாச்சி?"

கோமதிநாயகம் தாளை மேசையில் வைத்தார்.

"அது ஏறவே இல்ல, மேடம்."

எஸ்தர் எழுந்துபோய் வராந்தாக் கதவைத் திறந்துவிட்டார். மேகத்துக்குள் ராசபுஷ்பம் உட்கார்ந்திருந்தாள்.

"இதை எங்கிட்ட ஏன் சொல்லுதீங்க?" என்றார்.