கூடப் பாடாத ஓதுவார்

மடத்துப் பாடசாலையில் பிள்ளைகளுக்குப் பதிகம் சொல்லிக்கொடுத்தவர் சிவக்கொழுந்து ஓதுவார். அவர் வகுப்பு சந்தைக்கடை மாதிரி இருக்கும். தள்ளாமை வந்ததும் வகுப்பைச் சீடன் மாசிலாமணியிடம் ஒப்படைத்தார். மாசிலாமணியின் குரலைச் சொல்லவா வேண்டும்! அவன் பாட, பிள்ளைகளும் கூடவே பாட, தெருவில் போகிறவர்கள் நின்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. குருபூஜையன்று பிள்ளைகள் மட்டுமே சன்னிதியில் பாட வேண்டும். சொல்லிக்கொடுத்தவர் கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்திருக்க வேண்டும். பிள்ளைகள் கோட்டை விட்டால் வகுப்பு வேறு ஆளுக்குப் போய்விடும். மாசிலாமணிக்கோ அந்த வகுப்புதான் உயிர்.

குருபூஜைக்கு முந்தின நாள் ஒத்திகை பார்க்க ஓதுவார் வந்தார்.

"இன்றைக்கு நீ பாடாதே" என்று சீடனிடம் சொன்னார்.

பிள்ளைகள் தொடங்கினார்கள். இரண்டாவது பாட்டிலேயே ஆளுக்கொரு பக்கம் இழுத்து, பாட்டு நின்றே போனது. எல்லோரும் மாசிலாமணியின் வாயையே பார்த்தார்கள். அடியெடுத்துக் கொடுக்கப் போனவனை ஓதுவார் கையமர்த்தினார்.

"எங்கே விட்டீர்கள்?" என்று பிள்ளைகளைக் கேட்டார்.

வடிவு என்ற பெண் ஓர் இடத்தைச் சொன்னாள். அங்கே இல்லை, அதற்கு முந்தின வரியில் என்றான் கந்தப்பன். சண்டை வந்தது. இரண்டு பேரையும் பாடிக் காட்டச் சொன்னார் ஓதுவார். மற்றவர்கள் வடிவு பக்கம் பாதி, கந்தப்பன் பக்கம் பாதி என்று பிரிந்து, மாற்றி மாற்றிப் பாடிப் பார்த்தார்கள். சரி என்றோ தப்பு என்றோ அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்பப்பா, என்ன பொறுமை அந்த மனிதருக்கு! பொழுது சாய்வதற்குள் பிள்ளைகள் தாங்களாகவே பாட்டைப் பிடித்துவிட்டார்கள்.

மறுநாள் சன்னிதியில் கடைசிப் பாட்டுவரை பாடி முடித்தார்கள். நடுவில் ஓரிடத்தில் தடுக்கியபோது வடிவு எடுத்துக் கொடுத்தாள். வகுப்பு மாசிலாமணியிடமே இருக்கட்டும் என்று மடத்தார் சொல்லிவிட்டார்கள்.

அவன் நேராக வந்து ஓதுவார் காலில் விழுந்தான்.

"ஐயா, நேற்று அவர்கள் தப்பாகப் பாடப் பாட எனக்கு நெஞ்சு எரிந்தது. உங்களால் எப்படிச் சும்மா இருக்க முடிகிறது? பழகிவிட்டால் எரியாதா?"

"எரியும்" என்றார் ஓதுவார்.

மடியிலிருந்த வெற்றிலைப் பையை எடுத்து அவன் கையில் வைத்தார்.

"வகுப்புக்குப் போகும்போது வாய் நிறையப் போட்டுக்கொள். ஒரு கேள்வி கேட்க முடியும். பாட முடியாது."