கரிச்சானின் ஒற்றைக் கூவல்

ஏரியின் கிழக்குக் கரையில் செங்காலி என்ற புள்ளிமான் தன் குட்டியோடு இருந்தது. மேற்குக் கரையில் தாடியன் என்ற குரங்கும் அதன் கூட்டமும். நடுவே, தண்ணீரில் நின்ற பட்டமரத்தில் ஒரு கரிச்சான் குருவி. சிறுத்தை எங்கே தென்பட்டாலும் அந்த இடத்தின் பெயரைக் கத்த வேண்டும் என்பது அவர்களுக்குள் பேச்சு. இக்கரைச் சத்தம் அக்கரைக்கு எட்டாது. கரிச்சான்தான் வாங்கிச் சொல்லும்.

மழை பிடித்ததும் தவளைகள் கத்திக் கத்தி ஏரியையே எடுத்துக்கொண்டன. அவை மூச்சு வாங்கும்போதுதான் மற்றவர்கள் வாய் திறக்க முடிந்தது.

"ஒவ்வொரு கரைக்கும் தனித்தனியாகக் கத்த எனக்கு நேரமில்லை!" என்றது கரிச்சான். "தவளைகள் முதலில் ஓயும்போது மான் அக்கா கத்தட்டும். அடுத்து ஓயும்போது குரங்கு அண்ணன். அதற்கடுத்து, இரண்டையும் சேர்த்து ஒரே கூவலாகக் கூவிவிடுவேன். உங்கள் சொல்லை நீங்கள் கழித்துக்கொள்ளுங்கள். மிச்சம் எதிர்க்கரைச் சேதி!"

"எது யாருடையது என்று சொல்லமாட்டாயா?" என்றது செங்காலி.

"அதற்கு ஏது நேரம்! சொன்னதை மறக்காமல் இருந்தால் போதும், அக்கா."

"என் வாயில் வந்தது எனக்குத் தெரியாதா?"

நன்றாகத்தான் நடந்தது. பிறகு ஓடையோரம் நாவல் பழம் உதிரத் தொடங்கியது. குரங்குக் கூட்டம் வந்தால் கொட்டைகூட மிஞ்சாது. ஒரு நாள் காலையில் செங்காலி, "ஓடை!" என்று கத்தியது. குரங்குகள் வரவில்லை. மானும் குட்டியும் வயிறு முட்டத் தின்றன.

"அம்மா, சிறுத்தையை நீ பார்த்தாயா?"

"பேசாமல் தின்னு!"

அன்று மாலை இரண்டும் மூங்கில் புதருக்குப் போயின. குருத்து பச்சைப் பசேலென்று இருந்தது. தவளைகள் ஓயக் காத்திருந்து, "மூங்கில்!" என்று ஒரு கத்து கத்திவிட்டுச் செங்காலி மேயத் தொடங்கியது. தவளைகள் மறுபடி பிடித்துக்கொண்டன. குருத்தின் இனிப்பில், சற்றுமுன் கத்திய சொல் செங்காலியின் நினைவிலிருந்தே நழுவிப்போனது.

கரிச்சானின் முறை வந்தது.

"மூங்கில் ஓடை!"

செங்காலி மேய்வதை விட்டுத் தலையைத் தூக்கியது. மூங்கிலா? நிற்பதே மூங்கிலுக்குள்! ஓடை என்று கத்தியது நான்தானே? ஆமாம், நான்தான். அப்படியானால் மூங்கில் என்றது தாடியன்! மர உச்சியிலிருந்து பார்த்திருக்கிறான்!

"ஓடு!" என்று குட்டியை முட்டித் தள்ளியது.

"எங்கே, அம்மா?"

"ஓடைக்கு! அங்கே ஒன்றும் கிடையாது. எனக்குத் தெரியும்!"

குட்டிக்கு இளங்கால். தாயை முந்திக்கொண்டு ஓடியது. நாவல் மரத்தடியில் மஞ்சளாக ஏதோ எழுந்தது. குட்டி ஒரே ஒரு முறை கத்தியது.

செங்காலி எப்படிக் கரைக்கு வந்தது என்று அதற்கே தெரியாது.

"பொய்க் குருவியே! மூங்கில் என்று சொன்னாயே!"

கரிச்சான் கிளையில் விறைத்து நின்றது. "ஓடை, ஓடை என்று தாடியன் அண்ணன் தொண்டை கிழியக் கத்தினார், அக்கா. மூங்கில் நீங்கள் சொன்னது."

செங்காலி வாயைத் திறந்தது. தவளைகள் மறுபடி தொடங்கிவிட்டன.

தான் சொன்ன பொய் தன்னிடமே திரும்பி வரும்போது அதை நம்பி ஓடுகிறவருக்கு, பிறர் தொண்டை கிழியச் சொல்லும் உண்மையும் உதவாது.